ஆறாவது கேள்வியில் ஓர் எழுத்து

ஏப்ரல் 3

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக உன் எண்ணை என் போனில் 'பிளாக்' பண்ணி அடைத்து வைத்தேன். பல் துலக்குவதற்கும் முன்னால். காரணம் உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாய் என்பதால் எழுதுகிறேன். முந்தாநாள் நாம் இருவரும் கத்திய கத்தலில், நம் குண்டூசி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி, தண்ணீர் கதவுக்கடியில் வழிந்து கூடத்துக்கு வந்த பிறகுதான் நான் போனை வைத்தேன். பெற்றவளும் வளர்த்தவளும் போடுகிற சண்டை காதில் விழாமலிருக்க, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு குழாய் தேவைப்படுகிறது.

இனி சொல்ல வேண்டியதை எழுது. காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. மகளோடு பேச வேண்டுமென்றால் ஞாயிறு மாலை எதிர்வீட்டு டெய்லர் அக்காவின் எண்ணுக்குக் கூப்பிடு. சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போனில் கேட்டதற்குப் பதில்: முடியாது. இரண்டரை வயதில் என்னிடம் விட்டுப் போனாய். ஏழரை வருஷம் கழித்து, "லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்கிறாய். அவள் என்ன, தைக்கக் கொடுத்த துணியா?

அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த உறையில் அவள் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இப்போது 'மனிதர் எப்படி வளர்கிறார்கள்' என்ற பாடம் நடத்துகிறேன். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்க வைக்காமல், பிள்ளைகளே கேள்வி தயாரித்து, வெவ்வேறு வயதுள்ள பத்துப் பேரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கேட்பது சுலபம். கேள்வியைத் தயாரிப்பதற்குள்தான் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. முதல் நாள் ஒருத்தன், தலைமையாசிரியையிடம் கேட்கப் போவதாக எழுதி வந்தான்: "நீங்க எப்பலேர்ந்து இவ்ளோ குண்டா இருக்கீங்க?" இன்னொருத்தி, "தாத்தா, நீங்க வருஷா வருஷம் குட்டையாகிட்டே வர்றீங்கதானே?"

கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். பதிலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைக்கக் கூடாது. இது யாரையாவது நோகடிக்குமா என்று யோசிக்க வேண்டும். கடைசி விதிக்கு மட்டும் அரை மணி நேரம் வாதாடினார்கள். "நோகுமான்னு கேட்டுப் பாத்தாத்தானே டீச்சர் தெரியும்?" என்றான் குண்டு விவகாரக்காரன்.

நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இரண்டு பேர் வேண்டும். குண்டூசி உன்னையும் என்னையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நிரப்பி அவள் பெயருக்கே அனுப்பு. இது பாடம். நம் சண்டையை இதில் கலக்காதே.

தங்கை


ஏப்ரல் 9

வாத்தியாரம்மா,

நடத்திய பாடம் வந்து சேர்ந்தது.

பணி முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல், குவார்ட்டர்ஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். 'ழ'வின் வாலை என்னை மாதிரியே நீட்டி எழுதுகிறாள். அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். முதல் பால்பல் எப்போது விழுந்தது, என் வயதில் எவ்வளவு உயரம் இருந்தீர்கள், எந்த வருஷம் சட்டைகள் சீக்கிரம் பத்தாமல் போயின... ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்து கேள்வி வரைக்கும்.

ஆறாவது: "நீங்கள் எத்தனை வயது வரை வளர்த்தீர்கள்?"

நன்றாயிருக்கிறதடி. நேருக்கு நேர் கேட்க வாய் வராமல், என் பிள்ளையின் விரலைக் கொண்டே என் கண்ணைக் குத்தியிருக்கிறாய். யாரையும் நோகடிக்கக் கூடாது என்று விதி வேறு எழுதிப் போட்டாயாமே. அந்தக் கரும்பலகையை அழித்துவிட்டுத்தான் இதை எழுத வைத்தாயா?

என் வார்டில் தினமும் காலையில் பதினெட்டுச் சிசுக்களைத் தராசில் வைக்கிறேன். ஒன்றுக்கு நாற்பது கிராம் கூடியிருந்தால் அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். என் மகள் வருஷத்துக்கு எத்தனை அங்குலம் கூடினாள் என்பது, நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். அதுவும் உனக்குக் கோபமில்லாத மாதங்களில். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லாத அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவள் நான். அது ஞாபகம் இருக்கட்டும்.

நான் ஓடவில்லை. ஓடியவர் அவள் அப்பா. எனக்கு வேலை கிடைத்த இடத்தில் நர்ஸ் ஹாஸ்டலில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. "ஒரு வருஷம்தானேக்கா, நான் பாத்துக்கறேன், நீ போ" என்று என் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தவள் யார்?

தாளை நிரப்ப மாட்டேன். மே 4 அன்று வருகிறேன். அவள் துணிகளை எடுத்து வை.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

தாளை எடுத்து மறுபடி படி. ஐந்து கேள்வியும் உயரமும் பல்லும் சட்டையும். ஆறாவது மட்டும் எப்படித் திடீரென்று உன்னைப் பற்றியதாகும்? "எத்தனை வயது வரை வளர்ந்தீர்கள்" என்று எழுத வேண்டியவள், 'ந்' போட வேண்டிய இடத்தில் 'த்' போட்டுவிட்டாள். ஓர் எழுத்து. ஒரு குழந்தையின் எழுத்துப் பிழைக்கு நீ நாலு பக்கம் ஒப்பாரி வைத்திருக்கிறாய்.

அதே தாளை நகலெடுத்துத்தான் மற்றவர்களுக்கும் கொடுத்தாள். ஒருவரும் உன்னைப் போலக் குதிக்கவில்லை. டெய்லர் அக்கா "மூணு பேரை. பெரியவன் இன்னும் வளரல" என்று எழுதியிருக்கிறாள். தபால்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு "இருபது" என்று மட்டும் எழுதினார். தலைமையாசிரியை, "ஒரு பூனை. பதினோரு வயது வரை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு ஸ்கூல் சீலும் வைத்திருக்கிறார். வகுப்பே உருண்டு சிரித்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

இப்போது நான் கேட்கிறேன். இன்று இரண்டாவது பீரியடில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ஓர் உறையை நீட்டி, "என்னம்மா, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தபால்ல வருது?" என்றார். குண்டூசிக்கு டி.சி. கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பம். அங்கே பள்ளியில் இடமும் வாங்கிவிட்டாயாம். பத்து நாளாக அவர் மேஜையில் கிடந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன், மார்ச் 29. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மூன்று நாள் கழித்து எனக்குப் போன் பண்ணி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டிருக்கிறாய். அவர் முன்னால் நான் நின்ற நிலையை உன்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. "எனக்குத் தெரியும் மேடம்" என்று பொய் சொன்னேன்.

டி.சி.யில் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். அந்த வகுப்பாசிரியர் நான்தான். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் முதல் பால்பல்லை விழுங்கிவிட்டாள், தெரியுமா? வயிற்றுக்குள் பல் முளைத்து உள்ளேயிருந்து கடிக்கும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அப்போது நீ யார் வீட்டுக் குழந்தையையோ தராசில் வைத்துக்கொண்டிருந்தாய். குவார்ட்டர்ஸ் கிடைத்து இரண்டு வருஷமாயிற்று. இரண்டு வருஷமாக வராத பாசம் இப்போது எந்த பஸ்ஸில் வந்தது? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தானே வளரவில்லை அக்கா. நான் வளர்த்தேன்.

தங்கை


ஏப்ரல் 19

வாத்தியாரம்மா,

எழுத்துப் பிழையா?

ஹாஸ்டலிலிருந்து நான் எழுதிய முதல் கடிதத்தில் 'மகிழ்ச்சி'யில் ஒரு 'ச்' விட்டுப்போனதற்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியவள் நீ. என் கல்யாணப் பத்திரிகையில் அச்சுப் பிழை என்று, நானூறு பத்திரிகையையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தியவள். அந்தக் கழுகுக் கண்ணுக்கு இந்த ஒரு 'த்' மட்டும் தெரியாமல் போயிற்றா? ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உன் விதிப்படி ஒரு விஷயம்தான். தபாலில் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளை நீ படித்தாயா, இல்லையா?

பாசம் எந்த பஸ்ஸில் வந்தது என்று கேட்டாய். குவார்ட்டர்ஸ் சாவி கையில் வந்த அன்று முதல் போன் உனக்குத்தான் பண்ணினேன். "மூணாவது முடியட்டும்க்கா" என்றாய். முடிந்தது. "இப்பத்தான் ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா, பிரிக்காதே" என்றாய். அப்புறம் "நாலாவதுக்கு நல்ல டீச்சர்." இந்த வருஷம் அந்த நல்ல டீச்சர் நீயே. அதனால்தான் கேட்காமல் விண்ணப்பம் அனுப்பினேன். கேட்டால் நீ ஏதாவது வைத்திருப்பாய். உன்னிடம் காரணத்துக்கா பஞ்சம்?

போன முறை வந்தபோது, அவள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலை வாரிவிடலாம் என்று சீப்பை எடுத்தேன். "அவளுக்கு இடது பக்க வகிடு" என்று சொல்லி என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாய். இடது பக்கம் எடு என்று நீ சொல்லியிருக்கலாம். சீப்பை வாங்கினாய். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஆறாவது கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் எழுதிக்கொள். இரண்டு வயது ஏழு மாதம் வரை. அதற்குப் பிறகு ஊரார் பிள்ளைகளை, ஆளுக்கு மூன்று நாள், நாலு நாள். போதுமா?

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

படித்தேன்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு தாளையும் திருத்தினேன். அவளுடையது பதினேழாவது. ஆறாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. ஒரு வட்டம் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். போடவில்லை. அடுத்த தாளை எடுத்து, அதில் 'வளர்ச்சி'க்கு விட்டுப்போன 'ச்'சைக் கவனமாகச் சேர்த்தேன். பக்கத்தில் கணக்கு வாத்தியார், "என்ன டீச்சர், தானா சிரிக்கறீங்க?" என்று கேட்டார். நான் சிரித்தது எனக்கே தெரியாது.

நான் எழுத வைக்கவில்லை. அது உண்மை. ஆனால் அது உன் கைக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். நீ அதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே யோசித்து வைத்திருந்தேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் செய்கிற காரியமா? இல்லை. செய்தேன்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. நேற்று மாலை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். "ஆறாவது கேள்வில ஒரு எழுத்து தப்பா இருந்துச்சே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"எப்ப?"

"நல்ல தாள்ல எழுதி முடிச்சதுமே."

"அப்ப ஏன் திருத்தல?"

"நீங்க திருத்துவீங்கன்னு பாத்தேன். நீங்க ஒண்ணுமே போடாம குடுத்துட்டீங்க. சரி, இது கேக்கலாம் போலருக்குன்னு நினைச்சேன்."

வீட்டில் என்னை 'நீ' என்பாள். பள்ளியில்தான் 'நீங்க'. நேற்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'நீங்க' என்றாள். சித்தியிடம் பேசவில்லை, டீச்சரிடம் பேசினாள். டீச்சர் அனுமதித்துவிட்டார் என்று நம்பி, கேட்கக் கூடாதென்று இத்தனை வருஷமாக வைத்திருந்ததைத் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். நீ தாளை நிரப்ப மாட்டேன் என்றது அவளுக்கு இன்னும் தெரியாது. தினமும் தபால்காரரிடம் கேட்கிறாள்.

எனக்குக் கொடுத்த தாளும் முடியாமல்தான் கிடக்கிறது. ஐந்து பதில் எழுதிவிட்டேன். ஆறாவதில் 'எத்தனை வயது வரை' என்று இருக்கிறதே, அந்த 'வரை'க்கு ஒரு எண் போட வேண்டும். போட முடியவில்லை.

ஒப்புக்கொண்டுவிட்டாள், இனிக் குழைவாள் என்று நினைக்காதே. சீப்பு விஷயம் உண்மைதான். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் விண்ணப்பம் அனுப்பியதும் உண்மைதான். அதை நான் மறக்கப் போவதில்லை. கையெழுத்து இன்னும் போடவில்லை.

தங்கை


ஏப்ரல் 26

எடீ,

தெரிந்தேதான் விட்டிருப்பாய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். நீ ஒப்புக்கொள்வாய் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. கோபம் இரண்டு பங்காகிவிட்டது. நீ பொய்யே சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவள் தினமும் தபால்காரரைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இன்று வார்டில் ஒரு குழந்தையின் எடையைத் தப்பாக எழுதிவிட்டேன். டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். இந்த ஏழரை வருஷத்தில் முதல் தடவை.

உள்ளே ஒட்டிய உறை அவளுக்கு. ஆறு கேள்விக்கும் எழுதியிருக்கிறேன். உனக்குக் காட்டினால் அவள் இஷ்டம். நீயாகப் பிரிக்காதே. பிழை இருந்தால் வட்டமும் போடாதே.

மே 4 காலை பஸ். கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உறையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மாடிப் படியில் போய் உட்கார்ந்து படித்தாள். நான் கீழே நின்று காய்ந்த துணிகளை மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். இறங்கி வந்து, "அம்மாவுக்கு முதல் பல்லு ஸ்கூல் பெஞ்சுல மோதி விழுந்துச்சாம்" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. ஆறாவதுக்கு அவளுக்கென்று நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

அப்புறம் சொன்னாள்: "நீயும் அம்மாவும் எல்லாத்தையும் எழுதறீங்க. என்னை மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தவள் நான். உடனே கேட்டேன். "நீ அம்மாகூடப் போகப் போறியா என்ன?"

"இது கேள்வியே இல்ல. பதில உள்ளயே வெச்சிட்டு கேக்கற. உன் மூஞ்சிய பாத்தா போறேன்னு யாரு சொல்லுவா?"

முகத்தை அவள் பார்க்காதபடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, மறுபடி கேட்டேன். "லீவுக்கு அப்புறம் நீ எங்க இருக்கணும்னு நினைக்கற?"

மீதித் துணிகளை மடித்து அடுக்கினேன். கடைசித் துண்டை என் கையிலிருந்து வாங்கி அவளே மடித்தாள்.

"அம்மாகூட" என்றாள். "அம்மா தூங்கி எழுந்தா எப்டி இருப்பாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. வர்றப்பல்லாம் எனக்கு முன்னாடியே எழுந்து குளிச்சு ரெடியாயிடறாங்க, விருந்தாளி மாதிரி." துண்டை அடுக்கிவிட்டு, "நீ கோச்சுக்கிட்டா நான் போக மாட்டேன்" என்றாள்.

கோபம்தான். உன் மேல், என் மேல், அவளுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக் கொடுத்த வீட்டின் மேல். "கோபமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் நான் சொன்னதை எடுத்துக்கொண்டு விளையாடப் போனாள்.

அதற்கப்புறம் உட்கார்ந்து உனக்காக ஒரு பட்டியல் எழுதினேன். காய்ச்சல் வந்தால் போர்வையை உதைத்துவிடுவாள், மூன்று தடவை போர்த்த வேண்டும். சிநேகிதியோடு சண்டை வந்தால் சொல்ல மாட்டாள், பென்சில்களை எல்லாம் சீவித் தள்ளுவாள். பொய் சொன்னால் காதைத் தொடுவாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நாலு பக்கம். ஐந்தாவது பக்கத்தைத் தொடங்கும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவளை அனுப்பிவிட்டு, இங்கிருந்தபடியே அங்கேயும் நான்தான் வளர்க்கப் பார்க்கிறேன். நாலு பக்கத்தையும் கிழித்தேன். கிழித்தபோது உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நாளைக் காலை டி.சி.யில் கையெழுத்துப் போடுவேன். நாலாம் தேதி நீ வரும்போது அது அவள் பைக்குள் இருக்கும்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். தலைமையாசிரியைக்கும் தெரியாது, குண்டூசிக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவளோடு பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக உன் மடியில் போடுவேன். அதுவரை என்னைத் தவிர ஓர் ஆளுக்குத் தெரியாது. அவள் எனக்கு எழுதினால், எழுதிய அன்றே பதில் போடுவேன். உனக்கு எழுத மாட்டேன். ஒரு வருஷம். அவளுக்கு என்ன பிடிக்கும், ஏன் அழுகிறாள், ஏன் இரண்டு நாளாகப் பேச்சில்லை என்று நீ எனக்கு எழுதுவாய். எழுதத்தான் செய்வாய், உன்னை எனக்குத் தெரியும். நான் உறையைப் பிரிக்க மாட்டேன். பக்கத்து அறையில்தான் இருப்பாள். போய் அவளிடம் கேள். தப்பாகக் கேட்டால் அவளே சொல்லுவாள்.

தங்கை